குப்பை லாரியின் பின்கதவு ரப்பரை மாற்றிய பிறகும் சாலையில் கழிவுநீர் சிந்துகிறது: உதவி தேவை

கேட்பவர்: பிடோக் பராமரிப்பாளர்

வணக்கம். சிங்கப்பூரில் உணவங்காடி நிலையங்களிலும் ஈரச்சந்தைகளிலும் குப்பை எடுக்கும் ஒரு நிறுவனத்தில் லாரிகளின் பராமரிப்பை மேற்பார்வையிடுகிறேன். பின்புறம் ஏற்றிய குப்பையை உள்ளேயே நசுக்கும் லாரி ஒன்றிலிருந்து, சுமை பாதி நிறைந்ததும் கறுத்த நீர் ஒழுகத் தொடங்குகிறது. பின்கதவின் ரப்பர் சீலை மாற்றியதும் கதவுப் பக்கம் ஒழுகுவது நின்றுவிட்டது. ஆனால் போக்குவரத்து விளக்கில் பிரேக் போடும்போது, ஓட்டுநர் அறைக்குச் சற்றுப் பின்னால் நீர் வழிகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் சந்தைக்கு வரும் முதியவர்களும் அதை மிதித்துக்கொண்டு சாலையைக் கடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பணிமனையிலோ கதவு ரப்பரை மீண்டும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு எந்த இடத்தைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி: துவாஸ் மெக்கானிக்

ஐயா, ரப்பரை மீண்டும் மாற்ற வேண்டாம். லாரி புறப்படும்போதும் மேம்பாலத்தில் ஏறும்போதும் உள்ளிருக்கும் நீர் பின்னோக்கிப் பாயும்; அப்போது ஒழுகினால் பின்கதவு ரப்பரையோ, கதவை இறுக்கும் பூட்டுகளையோ, குப்பை கொட்டும் வாயின் விளிம்பையோ சந்தேகிக்கலாம். உங்கள் லாரியில் பிரேக் போடும்போது முன்பக்கம் ஒழுகுவதால், கோளாறு குப்பையை வெளியே தள்ளும் தகட்டுக்குப் பின்னால், அதாவது ஓட்டுநர் அறைப் பக்கத்தில், இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்தத் தகடு முன்னும் பின்னும் நகர வேண்டியிருப்பதால், அதன் அடியிலும் ஓரங்களிலும் உள்ள இடைவெளியை முழுமையாக அடைக்க இயலாது. நசுக்கும்போது பிழியப்படும் நீர் அவ்வழியே புகுந்து, தகட்டுக்கும் முன்சுவருக்கும் இடையில் சேற்றோடு தேங்குகிறது. பல லாரிகளில் அந்த இடத்தைக் கழுவுவதற்கென்று ஒரு சிறிய மூடி இருக்கும். அதன் ரப்பரையும், தரைத்தகடு முன்சுவரோடு சேரும் பற்றவைப்பையும் பாருங்கள்.

சுமையை இறக்கிக் கழுவி, அடிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகு, லாரியைச் சமதரையில் நிறுத்தித் தகட்டுக்குப் பின்னால் நல்ல தண்ணீரை ஊற்றி, கீழே அட்டைகளை விரித்து வைத்தால், ஈரம் முதலில் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. தூக்கிய பின்கதவுக்குப் பாதுகாப்புத் தாங்கி வைக்காமல் அதன் அடியில் நிற்கவும் கூடாது. இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

கேட்பவர்: பிடோக் பராமரிப்பாளர்

மிக்க நன்றி, அண்ணன். தகட்டுக்குப் பின்னால் சேறு இறுகிக் கிடந்தது. அதனால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பற்றவைப்பின் ஓரத்தில் துருப்பிடித்த ஓட்டை ஒன்றும் இருந்தது. அதைப் பசை கொண்டு அடைக்கலாமா? பழுதுபார்க்கும் வரை, தெருவில் சிந்தும் நீரை என்ன செய்வது?

மறுமொழி: துவாஸ் மெக்கானிக்

பசை நிற்காது. சுமை ஏறி இறங்கும்போது தரைத்தகடு வளைந்து கொடுக்கும். உணவுக் கழிவின் புளிப்பும் மீன் கடைகளின் உப்புநீரும் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். துருவேறிய பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவையுங்கள். அதற்கு முன் குப்பை எச்சத்தையும் ஹைட்ராலிக் எண்ணெயையும் முழுவதுமாக அகற்றுங்கள். வேலை முடியும் வரை, அந்த லாரியை உலர்ந்த குப்பைக்கு மட்டும் அனுப்புவதே சரி.

மறுமொழி: தோ பாயோ துப்புரவு மேற்பார்வையாளர்

சிந்திய நீரைக் குழாய்த் தண்ணீரால் சாலையோர வடிகாலுக்குள் தள்ளிவிடாதீர்கள். சிங்கப்பூரில் மழைநீர் வடிகால்களும் கழிவுநீர்க் குழாய்களும் தனித்தனியானவை. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், வடிகாலில் இறங்குவது கால்வாய் வழியாக நாம் குடிக்கும் நீரின் தேக்கத்துக்கே போய்ச் சேரக்கூடும். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு, நகரின் நடுப்பகுதி மழைநீரும் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு லாரியிலும் மரத்தூளோ உறிஞ்சும் துகளோ, ஒரு மண்வாரியும் தடித்த பையும் வைத்திருங்கள். முதலில் வடிகால் வாயைத் தடுத்து, பிறகு நீரை உறிஞ்சி அள்ளி, குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். லாரியைச் சரிசெய்தால் மட்டும் போதாது; அதற்குள் போகும் நீரையும் குறைக்க வேண்டும். மீன் கடைகளின் உருகும் பனிக்கட்டியும் காப்பிக்கடைகளின் மிச்சக் குழம்பும் பைகளில் கட்டி வீசப்படுவதால், நசுக்கும் முதல் தடவையிலேயே எல்லாம் வெடித்து வழிகின்றன. கடைக்காரர்களிடம் தன்மையாகப் பேசி, கழிவுநீர்க் குழாயுடன் இணைந்த குப்பைக்கூடத் தரையிலேயே நீரை வடியவிட்டு, அதன் பிறகு பையைக் கட்டச் சொன்னால் பெரும் வேறுபாடு தெரியும். அடியில் சேகரிப்புத் தொட்டி உள்ள லாரியானால், அதன் வால்வைத் தெருவில் ஒருபோதும் திறக்கக் கூடாது. கழிவுநீர் இணைப்புள்ள கழுவுமிடத்தில் மட்டுமே திறக்க வேண்டும்.

கேட்பவர்: பிடோக் பராமரிப்பாளர்

பற்றவைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். மீன் கடைக்காரர்களிடமும் பேசப் போகிறேன். தகட்டின் பின்புறத்தை எப்போது கழுவுவது நல்லது?

மறுமொழி: துவாஸ் மெக்கானிக்

ஈரக்குப்பை ஏற்றும் லாரியில், சேறு இறுகுவதற்கு முன்பாக, வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் கழுவிவிடுங்கள். தகட்டைக் கடைசி வரை பின்கதவுப் பக்கம் தள்ளி நிறுத்தினால் முன்பகுதி முழுவதும் திறந்துகொள்ளும். கழுவி முடித்ததும் மூடியின் ரப்பரையும் அது அமரும் விளிம்பையும் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். அங்கே ஒரு எலும்புத் துண்டு சிக்கினாலும் மறுநாள் ஒழுகும்.