பேரரசி தியோஃபானு: தகவல் தந்து உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் ஆட்சி நடத்திய பெண்களைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் பேசவிருக்கிறேன். பேரரசி தியோஃபானுவைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்து, 972-இல் ரோமில் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஓட்டோவை மணந்தவர். 983-இல் கணவர் இறந்தபோது மகனுக்கு மூன்றே வயது. பவேரியாவின் முன்னாள் கோமகன் ஹென்றி குழந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு அரியணைக்கே அடிபோட்டார். 984-இல் மகன் தாயிடம் திரும்பினான். அதன்பின் 991-இல் இறக்கும்வரை பேரரசைக் கட்டிக் காத்தவர் தியோஃபானு. பிறகு பொறுப்பு மாமியார் அடெல்ஹைடிடம் போனது. இப்படிப்பட்டவரை 'ஓட்டோவின் மனைவி' என்று ஒரே வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய திருமணப் பட்டயம் ஜெர்மனியின் வோல்ஃபன்பியூட்டல் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊதா நிறமேற்றிய தோலில் பொன்னெழுத்துகள்! போப்பார்ட், டீல், நோர்ட்ஹவுசன் முதலிய இடங்கள் அதில் அவர் பெயருக்கு எழுதிவைக்கப்பட்டுள்ளன. அந்தச் சொத்துகளின் வருவாய் அவருடைய ஆட்சிக்கு எவ்வளவு தூரம் கைகொடுத்தது? இதை ஆராய்ந்த கட்டுரை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஜெர்மன் மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. பட்டயத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.