லுஷோட்டோவில் 11 நாள்: என்னிடம் 'போலே' சொன்னவர்கள்

தான்சானியா போய்விட்டு ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன் என்று சொன்னதும் இரண்டு மூன்று பேர் அப்படி அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் போனது லுஷோட்டோ. நாட்டின் வடகிழக்கே டாங்கா மாகாணத்தில், மேற்கு உசம்பாரா மலையில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். ஜெர்மானியர் ஆண்ட காலத்தில் தங்கள் அரசர் பெயரால் வில்ஹெல்ம்ஸ்டால் என்று அழைத்த ஊர் இதுதான். போன நவம்பரில் 11 நாள் ஒரே அறையில் தங்கினேன். தனியாக. எனக்கு வயது 54.

டார் எஸ் சலாமிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் மொம்போ என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டர் மலையேற வேண்டும். மொம்போவில் வெயில் மண்டையைப் பிளந்தது. சின்ன வேன், அதில் எத்தனை பேர் என்று எண்ணவே முடியவில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்த பெண் ஒரு வார்த்தை கேட்காமல் தன் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். நம் ஊர் டவுன் பஸ்ஸில் நடப்பதுதான், ஆனால் அத்தனை தூரம் தள்ளி வந்து, மொழி தெரியாத இடத்தில் அது நடந்தபோது எனக்கிருந்த பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. வழியில் சோனி என்ற ஊர் வருவதற்குள் பிள்ளை என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

முதல் இரண்டு நாள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மட்டும் நின்று "ஷிகமோ" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே "ஷிகமோ" என்று திருப்பிச் சொல்லுவேன், அதுகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும். தங்கியிருந்த விடுதி அம்மாதான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அது சிறியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம், உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன் என்பதுதான் அதன் பழைய பொருளாம். பெரியவர்கள் "மரஹாபா" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வாயால் காலைத் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளைகளுக்கு நான் இரண்டு நாளாகத் திருப்பிக் கும்பிடு போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் சரியாக "மரஹாபா" சொன்னேன். அன்றைக்கு ஒரு பொடியன் என் கூடையை வாங்கிக்கொண்டு மேடு முடியும்வரை கூடவே வந்தான்.

அப்புறம் இந்த 'போலே'. அது நவம்பர் மழைக்காலம், பெரிய மழை இல்லை, வந்து வந்து போகிற மழை. செம்மண் பாதை வழுக்கும். ஐந்தாம் நாள் சந்தைக்குப் போகும் இறக்கத்தில் கால் வாரி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் நான் எழுவதற்குள் நாலாபக்கமும் "போலே, போலே மாமா" என்று குரல். (அங்கே பேசுகிற சுவாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா.) பக்கத்தில் வந்தவர் சொன்னார், சரி. எதிர் சரிவில் முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்து நின்ற பெண்ணும் நிமிர்ந்து கைதட்டிக் கூப்பிட்டுச் சொன்னாள். சாலையில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த பையன்களும் சொன்னார்கள். முதலில் மன்னிப்புக் கேட்கிறார்களோ என்று நினைத்தேன், அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? பிறகுதான் புரிந்தது. யாராவது கஷ்டப்பட்டால், சுமை தூக்கினால், நெடுந்தூரம் பயணம் செய்து வந்தால், வெயிலில் வேலை செய்தால், அதைப் பார்த்தேன், உனக்குச் சிரமம்தான் என்று சொல்லுகிற சொல் அது. நம்மிடம் "ஐயோ பாத்து" இருக்கிறது, "பாவம்" இருக்கிறது, இரண்டும் அதுவாகாது. அதையே இரட்டித்து 'போலே போலே' என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று வேறு பொருள் ஆகிவிடுகிறது. அந்த மேட்டில் ஏறும்போது இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

விழுந்த அன்றைக்குச் சேறோடு போய் உட்கார்ந்த இடம் சந்தை ஓரத்தில் ஒரு அம்மாவின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. இப்படிச் சோறு போட்டு விற்கும் பெண்களை 'மாமா ந்திலியே' என்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் மகள் சொம்பில் வெந்நீரும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றினாள். சேறு முழுக்கப் போகும்வரை நிறுத்தவில்லை, விரல் இடுக்கு, நகம் எல்லாம் காட்டச் சொல்லி ஊற்றினாள். இஞ்சி தட்டிப்போட்ட பால் சாய், மண்டாசி என்கிற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம், பீன்ஸ் குழம்பு, சப்பாத்தி. சாய், சப்பாத்தி, காசுக்கு 'பேசா' எல்லாம் கடல் தாண்டிப் போன நம் பக்கத்துச் சொற்கள்தான். கடைசி நாள் விடுதி வாடகைக் கணக்குப் போட்டபோது "மூன்று லாக்கி" என்றார்கள், அதுவும் நம் லட்சமேதான்!

மறுநாளிலிருந்து தினமும் அந்தக் கடைதான். மூத்த பிள்ளை பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டார், அன்றிலிருந்து என்னை என் மகன் பெயரோடு சேர்த்து 'மாமா இன்னார்' என்றுதான் கூப்பிட்டார். இரண்டு நாளில் சந்தை முழுக்க அதே பெயர்.

ஒரு ஏமாற்றமும் உண்டு. பக்கத்து மலைக் கிராமத்துக்கு வேன் எப்போது என்று கேட்டதற்கு ஒருவர் நான்கு விரலைக் காட்டினார். நான் மாலை 4 மணிக்குப் போய் நின்றேன். வண்டி காலை 10-க்கே போய்விட்டது. அங்கே சூரியன் உதித்ததிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள், நம் காலை 7 அவர்களுக்கு 1 மணி. பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை பார்த்து வளர்ந்த எனக்கு இது அன்றைக்கு உறைக்காமல் போனதில் இன்னும் வருத்தம், ஏனென்றால் அந்த கிராமத்துக்குக் கடைசிவரை போகவே முடியவில்லை.

மகம்பா காட்டுக்கு ஒரு வழிகாட்டிப் பையனோடு சாயங்காலம் போனேன். வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற ஆப்பிரிக்கன் வயலட் செடிக்குச் சொந்த ஊர் இந்த மலைத்தொடர் பக்கம்தான், 1892-ல் வால்டர் ஃபான் செயின்ட் பால் என்ற ஜெர்மன் அதிகாரி இந்த டாங்கா பகுதியிலிருந்துதான் ஜெர்மனிக்கு அனுப்பினார். அதைத்தான் தேடிப்போனேன், கிடைக்கவில்லை. பதிலுக்கு இருட்டியதும் டார்ச் வெளிச்சத்தில் பச்சோந்தி காட்டினான். தூங்கும்போது வெளிறிப்போய், இலை நடுவில் காகிதம் மாதிரி பளிச்சென்று தெரிகிறது. மூக்கு நுனியில் கத்தி போல இரண்டு கொம்பு. என் சட்டைக் கைமேல் விட்டான். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து கிடுக்கி மாதிரி துணியைப் பிடித்தன, ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொன்று டார்ச்சைப் பார்த்தது. மறுநாள் கடை அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவர் என் கையைப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்கு மாறிக்கொண்டார். கையை மறுபடி கழுவச் சொன்னார், அதுவும் சோப்புப் போட்டு.

இரெந்தே முனைக்கும் போனேன். காலடியில் பாறை செங்குத்தாக இறங்க, கீழே மசிந்தே ஊரும் நார்க்கற்றாழைத் தோட்டங்களும் மசாய் சமவெளியும். எல்லோரும் படம் போடுகிற இடம், போய்ப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பையில் மிச்சம் இருந்த கைமுறுக்கைக் கடை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முறுக்கு முறுக்காக எப்படி வந்தது என்று கேட்டார். அவர் பிசைந்து வைத்திருந்த மண்டாசி மாவில் கொஞ்சம் கிள்ளி விரலால் சுற்றிக் காட்டினேன், மகளும் செய்து பார்த்தாள், வரவில்லை. இதற்கு அச்சு ஒன்று இருக்கிறது, அதில் பிழிந்தால் சுலபம், அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களில் யாராவது அடுத்த ஆறு மாதத்தில் மொம்போ வழியாகப் போவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். பித்தளை அச்சு வாங்கி வைத்திருக்கிறேன், முறுக்கு வட்டும் தேன்குழல் வட்டும் சேர்த்து முக்கால் கிலோகூட வராது.