கிளெய்ம் நிராகரிப்பு: நோயாளிக்குச் சட்டத்தில என்ன பிடி இருக்கு?

லிங்கநகர்_வாசி

வைத்தியசாலைக் காப்புறுதி எடுத்த ஆக்களுக்கு வாற நிராகரிப்புக் கடிதங்களில திரும்பத் திரும்ப ஒரே வசனம்: முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள். எந்த வாசகத்தின்படி என்று இல்லை, எந்த வைத்தியர் பார்த்துச் சொன்னார் என்றும் இல்லை. கடிதமும் ஆங்கிலத்தில.

இப்ப கையில உள்ள விசயம் இது. பொலிசி எடுத்து இரண்டு வருசம். நெஞ்சு வலி, அரச வைத்தியசாலையில நாலு நாள். வீட்ட அனுப்பேக்க தந்த டயக்னோசிஸ் காட்டில "சலரோகம் 5 வருடம்" என்று எழுதியிருக்கு. ஆனால் கிளினிக் கொப்பியில சலரோகத்துக்கான முதல் பதிவு பொலிசி எடுத்து ஏழு மாதத்துக்குப் பிறகுதான்.

இரண்டு கேள்வி. இதை எப்படி எதிர்க்கிறது? அமெரிக்க மாநிலங்களில நிறுவனம் மறுத்தால் வெளி வைத்தியர் ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லச் சட்டம் இருக்காம். எங்கட கிழக்கு மாகாண சபை அப்படி ஒன்று கொண்டுவர ஏலாதா?

பழைய_கோப்பு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றன்.

அந்த "5 வருடம்" எங்கயிருந்து வந்தது என்று பாருங்கோ. இரவில நோயாளியைக் கொண்டுவருவினம். வோட்டில நிற்கிற இளம் வைத்தியர் சீனி, பிரஷர் இருக்கோ என்று கேட்பார். கூட வந்த சொந்தக்காரர் "ஓம், ஒரு அஞ்சு வருசமா இருக்கும்" என்பார். அது அப்படியே பிஎச்டியில (BHT, வோட்டில நோயாளிக்கு எழுதிற குறிப்பேடு) ஏறும். வீட்ட அனுப்பிற அன்று பிஎச்டியைப் பார்த்துக் காட் எழுதுறவர் அதையே பிரதி பண்ணுவார். நிறுவனத்துக்குப் போறது காட் மட்டும். ஆரோ வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கு கடைசியில மருத்துவ ஆதாரமா நிற்குது.

காட்டில நீங்களே வெட்டித் திருத்தாதேங்கோ. ஒரு எழுத்து மாறினாலும் விசயம் மோசடி என்று திரும்பிப் போகும். திருத்தம் வேணுமென்றால் விசேட வைத்திய நிபுணரின் கையொப்பமும் றப்பர் முத்திரையும் விழவேணும். அதைவிட நல்லது அவரிடம் ஒரு தனிக் கடிதம்: சலரோகம் முதலில் உறுதியான திகதி, அதற்கான இரத்தப் பரிசோதனை, "5 வருடம்" என்றது உறவினர் சொன்ன வரலாறு என்பது. இந்த மூன்றும் வந்தால் போதும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கமும், முதல் சீனிப் பரிசோதனை அறிக்கையும் திகதி தெரியிற மாதிரிப் போட்டோக் கொப்பி எடுத்து இணையுங்கோ. பொலிசிக்கு முன்பு வேற ஏதுக்காவது செய்த இரத்தப் பரிசோதனையில சீனி அளவு சாதாரணமா இருந்திருந்தால் அதுதான் எல்லாத்தையும்விடப் பலமான தாள்.

அடுத்தது முன்மொழிவுப் படிவம், பொலிசி எடுக்கேக்க நிரப்பினது. அதின்ர பிரதியைக் கேட்டு வாங்குங்கோ. வெற்றுப் படிவத்தில கையெழுத்து வாங்கிக்கொண்டு போய், எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று ஏஜன்டே அடையாளம் போட்டிருப்பார். கையெழுத்து உங்கடது என்றால் பொறுப்பும் உங்கடதுதான், அதில மாற்றமில்லை. ஆனாலும் கேள்வியின்ர சொல்லைப் பாருங்கோ. "தற்போது சிகிச்சை பெறுகிறீரா" என்பதும் "எப்போதாவது இருந்ததா" என்பதும் ஒன்றில்லை.

பிறகு நிறுவனத்துக்குப் பதிவுத்தபாலில கடிதம். நாலு விசயம் கேளுங்கோ: நிராகரித்த வாசகத்தின் இலக்கம், எந்த ஆவணத்தின் எந்த வரியை நம்பினார்கள், படிவத்தின் பிரதி, கருத்துச் சொன்ன வைத்தியரின் தகைமை. ஏஜன்டோட போனில கதைச்சதுக்குத் தடயம் இல்லை. இறுதிப் பதில் எழுத்தில வந்தபிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் (முறைப்பாடு விசாரிக்கிறவர்), இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் போகலாம். நேரா அங்க போனால் முதலில நிறுவனத்திட்டக் கேட்டீங்களா என்றுதான் கேட்பினம்.

நீதிமன்றம் என்றால் எழுத்து ஒப்பந்தத்துக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி 6 வருசம். அதை நம்பிப் படுத்துவிடாதேங்கோ, பொலிசிக்குள்ள நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கிறது) வாசகமும் அதற்கொரு குறுகிய தவணையும் இருக்கலாம்.

கோட்டை_வீதி

இரண்டாவது கேள்வி. சபையே இப்போது இல்லை என்பது ஒரு புறம் (2017 செப்டெம்பரில் காலம் முடிந்தது, தேர்தல் வைக்கவில்லை). சபை இருந்தாலும் முடியாது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் சுகாதாரம் இருக்கிறது, காப்புறுதி இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் கொழும்பின் சட்டம். ஒம்புட்ஸ்மன் அந்தச் சட்டத்தில் பிறந்தவரும் அல்லர். அது நிறுவனங்கள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. காப்புறுதியை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் வேலை என்று 1945இல் மக்காரன்–பெர்குசன் சட்டம் உறுதிப்படுத்தியது. அதனால்தான் நீங்கள் சொன்ன வெளி வைத்தியர் தீர்ப்பு, அதாவது வெளி மீளாய்வு, மாநிலம் மாநிலமாக வளர்ந்தது. இலினோய் மாநிலம் இயற்றிய அப்படியொரு சட்டத்தை ஒரு நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்தது. 2002இல் ரஷ் புருடென்ஷல் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் மாநிலச் சட்டம் பிழைத்தது. ஆனாலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஊழியர்களின் செலவைத் தொழில் வழங்குநர் தன் பணத்திலேயே ஏற்கும் திட்டங்களை 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்திய சட்டம் மாநிலங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. அவற்றுக்கும் வெளி மீளாய்வு கிடைத்தது 2010இன் மத்திய சட்டத்தால்தான்.

அங்கிருந்து எடுக்கவேண்டியது "நோயாளி உரிமை" என்ற தலைப்பை அல்ல, கடிகாரத்தை. நிறுவனத்திடமே முறையிட 180 நாள். பிறகு வெளி மீளாய்வு கேட்க 4 மாதம், கலிபோர்னியாவில் 6 மாதம், அங்கே கட்டணமும் இல்லை. மத்திய விதியின்படி மீளாய்வாளர் 45 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும், அவசரம் என்றால் 72 மணித்தியாலம். முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நாள் எழுதாத உரிமை எங்கள் நாட்டில் கோப்பாகவே கிடக்கும். இங்கே இதைக் கேட்கவேண்டிய இடம் பாராளுமன்றமும் ஆணைக்குழுவும், உவர்மலையில் இருக்கும் மாகாண அலுவலகம் அல்ல.

நிலாவெளி_23

அண்ணா, வெளி வைத்தியரைக் கொண்டுவந்தாலும் அவரும் அதே டயக்னோசிஸ் காட்டைத்தானே பார்ப்பார்? எனக்கென்றால் இந்தியாவின் வழிதான் நேர் வழி. 2024 விதிகளின்படி 60 மாதம் தொடர்ந்து கட்டுப்பணம் கட்டினால், மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்தீர் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க ஏலாது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலமும் 36 மாதத்துக்கு மேல் வைக்க ஏலாது. சண்டைக்கே இடமில்லை.

கோட்டை_வீதி

தம்பி, நல்ல விதிதான். ஆனால் இந்தப் பொலிசிக்கு 24 மாதம்தானே, அங்கேயும் இவருக்கு உதவாது. இரண்டும் வேணும். மீளாய்வாளர் காட்டை மட்டும் பார்ப்பார் என்றில்லை, நோயாளி அனுப்பும் கிளினிக் கொப்பியையும் பார்த்தே ஆகவேண்டும்.

அரச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது, நிதியம் பகிரங்க அதிகாரசபை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டப்படி நிராகரித்த குறிப்பைக் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். தனியார் நிறுவனத்திடம் அது செல்லாது.

லிங்கநகர்_வாசி

நன்றி. பிஎச்டியின்ர பிரதியை மகன் போய்க் கேட்டால் தருவினமா?

பழைய_கோப்பு

நோயாளியின்ர கையொப்பத்தோட அதிகாரக் கடிதம், இரண்டு பேரின்ர அடையாள அட்டைப் பிரதி, வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதின விண்ணப்பம். காப்புறுதி முறையீட்டுக்கு என்று காரணத்தை எழுதுங்கோ. காட்டின்ர மேல் மூலையில பிஎச்டி இலக்கம் இருக்கும், அதையும் அனுமதித்த திகதியையும் முதல் வரியிலயே போடுங்கோ. பேரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பதிவறையில தேட மாட்டினம்.