ஊர்த் தளமும் 508 பிழையும்: வேர்ட்பிரஸா, நிலையான பக்கங்களா?

கோண்டாவிலான் எழுதியது:

எங்கள் சனசமூக நிலையத்தின் இணையத்தளம் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் (ஒரே வழங்கிக் கணினியைப் பல தளங்கள் பகிரும் சேவை), பக்கங்களை எழுதி வெளியிட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நடக்கிறது. கோயில் நிகழ்வுகளும் நூலக அறிவித்தல்களும் இருந்தாலும், பெரும்பாலானோர் அதைத் திறப்பது மரண அறிவித்தல்களுக்காகவே. ஊரறிந்த ஒருவர் காலமானால், இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் பரவி, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் உறவினர்கள் ஒரே நேரத்தில் வர, வள எல்லை எட்டப்பட்டது என்ற 508 பிழையைக் காட்டித் தளம் நின்றுவிடுகிறது. ஹோஸ்டிங் நிறுவனம் விபிஎஸ் (நமக்கென்று வளம் ஒதுக்கிய மெய்நிகர் வழங்கி) எடுக்கச் சொல்கிறது. அதன் கட்டணம் டொலரில். 2022இல் ரூபாய் வீழ்ந்த பிறகு டொலர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார். தரவுத்தளமே இல்லாமல், முன்கூட்டியே கட்டிவைத்த பக்கங்களை அப்படியே கொடுக்கும் நிலையான தளமாக மாற்றினால் போதும் என்று ஒரு தம்பி சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

அந்தத் தம்பி சொல்வதே சரி. ஓர் அறிவித்தலை ஆயிரம் பேர் திறந்தால், கேஷ் (கட்டிய பக்கத்தைச் சேமித்துவைத்து மீண்டும் கொடுக்கும் வசதி) இல்லாத வேர்ட்பிரஸ் அதே பக்கத்தை ஆயிரம் தடவை புதிதாகக் கட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் பிஎச்பி செயற்பாடு ஒன்று (வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஎச்பியை ஓட்டுவது) எழுந்து, மூல நிரலையும் வார்ப்புருவையும் கூடுதல் வசதி தரும் சொருகிகளையும் ஏற்றி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திடம் பல பத்துக் கேள்விகளைக் கேட்டு, முடிவில் முதல் ஆளுக்குக் கொடுத்த அதே பக்கத்தையே அடுத்தவருக்கும் கொடுக்கிறது. 508 பிழை பொதுவாக மொத்த வருகையால் வருவதில்லை. ஒரே கணத்தில் எத்தனை நிரற் செயற்பாடுகள் ஓடலாம் என்ற எல்லையைத் தாண்டுவதால் வருகிறது.

விபிஎஸ்ஸும் இதற்குத் தானாக மருந்தாகாது. 1 கிகாபைட் நினைவகத்தில் இயங்குதளமும் தரவுத்தளமும் எடுத்தது போக 600 மெகாபைட் மிஞ்சுகிறது என்றும், ஒரு பிஎச்பி செயற்பாடு 60 மெகாபைட் பிடிக்கிறது என்றும் வையுங்கள்: ஒரே நேரத்தில் 10 செயற்பாடுகள்தாம். பக்கமொன்று அரை வினாடி எடுத்தால், வினாடிக்கு 20 பக்கங்கள். அதற்கு மேல் வருபவர் வரிசையில் நிற்க வேண்டும். நிலையான கோப்பென்றால் கதை வேறு. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள், இணைப்புக்கொரு செயற்பாடு என்று ஒதுக்காமல், ஒரே செயற்பாட்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கிறது. அடிக்கடி கேட்கப்படும் கோப்பு ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் வட்டைக்கூடத் தொடுவதில்லை. ஹியூகோ போன்ற, நிலையான பக்கங்களை உருவாக்கும் கருவியால் தளத்தைக் கட்டி கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் போட்டால், 1 கிகாபைட் அளவுக்குள் இருக்கும் தளத்துக்குக் கட்டணமே இல்லை.

நாவற்குழியான் எழுதியது:

வாசகர் நோயைச் சரியாகச் சொன்னார். மருந்தில் எனக்கு உடன்பாடில்லை. பிழை, கேட்கும்போது பக்கத்தைக் கட்டும் இயங்குநிலைத் தளத்தில் இல்லை, மாறாத ஒன்றை மீண்டும் மீண்டும் கட்டுவதில் இருக்கிறது. மடத்தில் அன்னதானம் கொடுப்பவர் ஒவ்வோர் அடியாருக்கும் தனித்தனி உலை வைப்பதில்லையே. நல்ல கேஷ் சொருகி முதல் வருகையின்போது கட்டிய பக்கத்தைக் கோப்பாக வட்டில் எழுதிவைக்கும். சரியாக அமைத்தால் அடுத்தவர்களுக்கு பிஎச்பி எழும்பாமலே அந்தக் கோப்பு போகும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் பிஎச்பியில் எழுதப்பட்டதுதான். ஆனால் புகுபதிகை செய்யாத வாசகருக்குப் பெரும்பாலும் கேஷிலிருந்தே பக்கம் வருகிறது. நாமெல்லாம் பயன்படுத்தும் நூலகம் என்ற மின்னூலகத் தளமும் மீடியாவிக்கியில்தான் இருக்கிறது. அதையும் நிலையான பக்கங்களாக்கச் சொல்வீர்களா?

அதைவிட முக்கியமானது, அறிவித்தலை ஏற்றுபவர் யார் என்பது. இப்படிப்பட்ட நிலையங்களில் செயலாளர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார்; செத்தவீட்டில் நின்றபடி கைபேசியில் தட்டச்சிட்டு வெளியிடுவார். அவரிடம் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதியும் கருவி) என்றும் மார்க்டவுன் (குறியீடுகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) என்றும் சொல்லப் போகிறீர்களா? அந்தத் தம்பி மேற்படிப்புக்காக வெளிநாடு போனால், தளம் அவர் போன நாளிலேயே நின்றுவிடும். வழங்கியின் நினைவகத்தை மிச்சம் பிடித்து மனிதரின் நேரத்தைச் செலவழிப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

மனிதரைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் கேஷ் நீங்கள் சொல்லுமளவுக்குச் சாதுவான பிராணி அல்ல. பேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பைச் சொடுக்கும்போது முகவரியின் வாலில் ஆளுக்கொரு நீண்ட குறியீடு ஒட்டிக்கொள்கிறது. அந்த வாலைப் புறக்கணிக்கும்படி அமைக்காவிட்டால், கேஷ் ஒவ்வொன்றையும் புதிய முகவரியாக எண்ணி, மீண்டும் பிஎச்பியை எழுப்பும். அதாவது கூட்டம் அதிகமாக வரும் அந்த வழியிலேயே கேஷ் தோற்கிறது. அனுதாபச் செய்தி எழுதியவரின் உலாவியில் குக்கி (அவரை அடையாளம் காட்டும் சிறு தரவு) ஒன்று பதியப்பட்டால், அவருக்கும் பல சொருகிகள் கேஷைக் கொடுப்பதில்லை. கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் புகுபதிகைப் பக்கத்தைத் தட்டும் இயந்திரங்களுக்குக் கேஷ் பொருந்தவே பொருந்தாது. சொருகிகளை இற்றைப்படுத்தாமல் விட்டதால் தளங்கள் கைப்பற்றப்படுவதைப் பற்றி நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

தீவகத்தான் எழுதியது:

இருவரும் வழங்கியைப் பற்றியே வாதாடுகிறீர்கள்; வந்த கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைப் பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கோண்டாவிலான் அண்ணை, 508 வந்த நேரத்துப் பதிவைத் திறந்து, எக்ஸ்எம்எல்ஆர்பிசி (வேர்ட்பிரஸை வெளி மென்பொருள்கள் இயக்கும் வழி), புகுபதிகைப் பக்கம் ஆகிய இரண்டுக்கும் எத்தனை கோரிக்கைகள் வந்தன என்று முதலில் பாருங்கள். பல சிறு தளங்களில் வளத்தை உண்பவர்களுள் உறவினர் அல்லாதவர்களே அதிகம்.

அடுத்தது படம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவாகிறது என்று சிலர் கவலைப்படுவார்கள். நீண்ட அறிவித்தல்கூட 15 கிலோபைட் அளவில்தான் இருக்கும், சுருக்கி அனுப்பினால் அதுவும் பல மடங்கு குறையும். ஆனால் கைபேசியில் எடுத்த 4 மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றினால், ஆயிரம் பேருக்கு 4 கிகாபைட் போகிறது. நிலையான தளம் என்றாலும் அந்தப் பாரம் குறையாது. 1200 புள்ளி அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற சுருக்கமான பட வடிவில் சேமியுங்கள்.

கிளவுட்ஃபிளேர் போன்ற, கோப்புகளின் படிகளைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் விநியோக வலையமைப்பையும் பாருங்கள். அதற்குக் கொழும்பிலேயே நிலையம் இருப்பதால் நம்மவர்களுக்கும் படங்கள் விரைவாக வரலாம். ஆனால் படங்களைத் தானாகச் சேமிக்கும் அது, நீங்கள் விதி எழுதாவிட்டால் எச்டிஎம்எல் பக்கத்தை (எழுத்துள்ள பக்கத்தையே) சேமிக்காது. இதை அறியாமல் அதை இணைத்துவிட்டு, 508 இன்னும் வருகிறதே என்று கேட்பவர்கள் பலர். பழைய கணினி ஒன்றை நிலையத்திலேயே வழங்கியாக வைக்கலாம் என்று எவராவது சொன்னால், 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நினைவூட்டுங்கள்.

கோண்டாவிலான் எழுதியது:

பதிவில் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோரிக்கைகள் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. எங்கள் செயலாளரும் நாவற்குழியார் சொன்ன மாதிரி ஓய்வுபெற்ற ஆசிரியர்தான். இன்னுமொன்று: அனுதாபச் செய்திகளை நீக்கிவிட்டால் வெளிநாட்டிலுள்ளவர்கள் மனம் வருந்துவார்கள். செத்தவீட்டுக்கு வர முடியாதவர்களுக்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான். நிலையான தளத்தில் அதற்கு என்ன வழி?

வடமராட்சி வாசகன் எழுதியது:

வேர்ட்பிரஸைச் செயலாளருக்காக மட்டும் கடவுச்சொல்லிட்ட தனி முகவரியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் வழமைபோல எழுதட்டும். சிம்ப்ளி ஸ்டாட்டிக் போன்ற சொருகி அதிலிருந்து நிலையான பக்கங்களைப் பிரித்தெடுக்கும், வாசகர் காண்பது அவற்றையே. நாவற்குழியாரின் கேள்விக்கும் இதுவே விடை. அனுதாபச் செய்தியைத் தனிப் படிவம் மூலம் பெறலாம். எப்படியும் ஒருவர் படித்துப் பார்த்து அனுமதித்த பிறகே அது வெளிவர வேண்டும் என்பதால், அனுமதிக்கும் போது மட்டும் பக்கத்தை மறுபடி கட்டினால் போதும்.

நாவற்குழியான் எழுதியது:

இது முன்னையதைவிட நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனை. ஆயினும் தேடல் என்னாவது? பழைய அறிவித்தலைப் பெயரால் தேடுவோர் உண்டு. வேர்ட்பிரஸின் தேடல் பாரமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் அது எழுதியவற்றையெல்லாம் வரிவரியாகத் துழாவுகிறது. நிலையான தளத்திலோ தேடற் சுட்டியை (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை) முழுவதுமாக வாசகரின் கைபேசிக்கு இறக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருகும். அத்துடன் தனி முகவரியில் இருந்தாலும் வேர்ட்பிரஸை இற்றைப்படுத்தும் வேலை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே கோண்டாவிலாருக்கு நான் சொல்வது: எக்ஸ்எம்எல்ஆர்பிசியை மூடுங்கள், படங்களைக் குறையுங்கள், பேஸ்புக் வாலைப் புறக்கணிக்கும் கேஷை அமையுங்கள். இவற்றுள் ஒன்றுக்கும் டொலர் தேவையில்லை.

கோண்டாவிலான் எழுதியது:

இந்த மூன்றையும் வாரக் கடைசியில் செய்கிறோம். அதற்குப் பிறகும் 508 வந்தால், வாசகர் சொன்னபடி பக்கங்களைப் பிரித்து வெளியிடும் முறைக்குப் போவோம். விபிஎஸ் விலைப்பட்டியலைப் பொருளாளரிடம் காட்டப் போவதில்லை.

தீவகத்தான் எழுதியது:

அதற்கு முன், ஒரே நேரத்தில் எத்தனை செயற்பாடுகளை உங்கள் கணக்கில் அனுமதிக்கிறார்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லையற்றது என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் வட்டிடத்தையும் தரவுப் பரிமாற்றத்தையும்தான். இந்த எண் விதிமுறைகளின் அடியில் எங்காவது இருக்கும்.