விண்கலத்துக்கு வழிக்கணக்கு போடுற வேலை: மெக்கானிக்கல் படிச்சவங்க போகலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு:
கடலூர்ல மெக்கானிக்கல் மூணாம் வருஷம். மங்கள்யான் மாதிரி கலத்துக்கு வழிக்கணக்கு போடுற வேலைக்குப் போகணும்னு ஆசை. "ஜிபிஎஸ் பாத்து சொல்றதுக்கு ஒரு படிப்பா?"ன்னு அம்மா கேக்குறாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. அங்க என்னதான் பண்ணுவாங்க?

கெடிலக்கரை வாத்தியார்:
செவ்வாய்ல ஜிபிஎஸ் கிடையாதுன்னு அம்மாகிட்ட சொல்லும்மா. நானும் மெக்கானிக்கல்தான், சொந்த ஊர் தேவனாம்பட்டினம். அப்புறம் ஏரோஸ்பேஸ் படிச்சு, 31 வருஷம் இந்தப் பாடமே எடுத்து ரிட்டயர் ஆயிட்டேன். எங்கப்பா கடல்ல நின்னு கலங்கரை விளக்கத்தையும் ஒரு பனங்கூட்டத்தையும் கண்ணால பிடிச்சே வலை விட்ட இடத்துக்குப் போயிடுவார். நமக்கு அதுவும் இல்ல. பெங்களூரு பக்கத்துல பயலாலுல இருக்கிற 32 மீட்டர் ஆன்டெனா ஒரு அலையை அனுப்பும், கலம் திருப்பி அனுப்பும். அதிர்வெண் எவ்வளவு பிசகியிருக்கோ அதுல வேகம், போய்வர ஆன நேரத்துல தூரம். மங்கள்யான் செவ்வாயைச் சேர்ந்த 2014 செப்டம்பர் 24 அன்னிக்கு சிக்னல் வந்துசேரவே 12 நிமிஷத்துக்கு மேல. கலம் இப்ப எங்கன்னு யாரும் பாத்ததே இல்ல.

மிச்சமெல்லாம் சந்தேகப்படுற வேலை. வெயில் பட்டாலே கலம் தள்ளிப்போகும். 1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்ங்கிற செவ்வாய்க் கலத்துல, சின்னச் சின்ன உந்தலை ஒரு மென்பொருள் பவுண்டுல எழுத, இன்னொண்ணு நியூட்டன்னு படிச்சிடுச்சு. 4.45 மடங்கு வித்தியாசம். 226 கிலோமீட்டர் உயரத்துல தாண்ட வேண்டியது 57க்கு இறங்கித் தொலைஞ்சது. சிரிக்க எனக்கு யோக்யதை இல்ல. என் முதல் ப்ரோக்ராம்ல கோணக்கணக்குல டிகிரியை ரேடியன்னு போட்டு, கலத்தை நேரா சூரியனுக்குள்ள விட்டவன் நான்.

வைத்திக்குப்பம் குமார்:
சார், எங்க புதுச்சேரியை விட்டுட்டீங்களே. வெள்ளி சூரியனைக் கடக்கிறதை வெச்சு சூரியன் எவ்வளவு தூரம்னு அளக்க, 1769ல லெ ஜென்டில்னு பிரெஞ்சுக்காரர் இங்க வந்து காத்துக்கிடந்தார். அன்னிக்குப் பாத்து மேகம். எல்லாம் முடிஞ்சப்புறம் வெயில் பளிச்!

கெடிலக்கரை வாத்தியார்:
பாவம்ப்பா அந்த மனுஷன். 1961ல வெள்ளி மேல ரேடார் அடிச்சுதான், வழிக்கணக்குக்கு வேண்டிய அந்தத் தூரம் துல்லியமா கிடைச்சது. அடுத்த வருஷமே மரைனர் 2 வெள்ளியைத் தாண்டிச்சு.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
நன்றி சார். எதுல ஆரம்பிக்கட்டும்?

கெடிலக்கரை வாத்தியார்:
ஒவ்வொரு அளவு வர வர கணிப்பைத் திருத்திக்கிட்டே போற கால்மன் ஃபில்டர்ல எல்லாரும் குதிப்பாங்க, நீ குதிக்காதே. லீஸ்ட் ஸ்கொயர்ஸை, அதாவது பிசகுகளோட வர்க்கக் கூட்டல் ரொம்பக் குறைவா வர்ற கோட்டைத் தேடுற கணக்கை, அஞ்சு புள்ளி வெச்சு கையால போடு. கால்குலேட்டர் எந்த மோடுல இருக்குன்னு முதல்ல பாத்துக்கோ.