கொரோலா கேஇ70: கோன் ஃபில்டர் மாட்டியதிலிருந்து கார் திக்குது, எந்த ஏர் ஃபில்டர் வாங்கலாம்?

கேள்வி (ஈசூன்)

வணக்கம். என்னிடம் இருப்பது 1983 டொயோட்டா கொரோலா கேஇ70. 4கே இன்ஜின், 1290 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர், கையால் இழுக்கும் சோக். மாமா ஓட்டிய கார். இப்போது சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் என் பேரில் இருக்கிறது.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில், "வண்டி நல்லா மூச்சு விடும்" என்று சொல்லி, கார்பரேட்டர் மேல் இருந்த வட்டத் தகரக் கூட்டைக் கழற்றிவிட்டு, ஓர் அடாப்டர் வைத்துப் பருத்தி கோன் ஃபில்டர் (கூடு இல்லாமல் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினார்கள். சத்தம் பிரமாதமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து பச்சை விளக்கு விழுந்து மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய்ப் பிறகுதான் பிடிக்கிறது. சில நேரம் கார்பரேட்டர் வழியாக "டப்" என்று வெடிக்கிறது. சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறும்போது பின்னால் லாரி வர, கார் இழுக்காமல் நின்றது. மகள் பக்கத்தில் இருந்தாள், ரொம்பப் பயந்துவிட்டேன். நெரிசலில் நின்றால் ஐடில் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தடுமாறுகிறது, காருக்குள் எண்ணெய் வாடை.

பழைய கூடு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வேறு நல்ல கோன் வாங்கவா, கூட்டுக்குள் போடும் வட்டப் பருத்தி ஃபில்டரா, ஃபோமா, பழையபடி காகிதமா?

பதில் (காக்கி புக்கிட், 26 வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன்)

தம்பி, ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு, வால்வு மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பழைய கூட்டுக்குள்ள போயிருக்கும். இன்ஜினுக்குள்ள சேருற ஆவி வெளியேறுற பிரீதர் குழாய். அது இப்ப எங்க இருக்கு?

ரெண்டு, இன்ஜின் நல்லா சூடானப்புறம் ரோட்டுல வேற வண்டி இல்லாத நேரமாப் பார்த்து, சோக்கைக் கால் பங்கு இழுத்து வச்சுக்கிட்டு ஓட்டுங்க. திக்குறது குறையுதா, கூடுதா?

கேட்டவர்

அண்ணே, பார்த்துவிட்டேன். குழாய் எதிலும் மாட்டாமல் பேட்டரி பக்கம் தொங்குகிறது, நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு. சோக் இழுத்தால் திக்கல் பாதிக்கு மேல் போய்விட்டது! ஸ்பார்க் பிளக் ஒன்றையும் கழற்றினேன், நுனி வெள்ளையாக இருக்கிறது.

பதில் (காக்கி புக்கிட்)

அப்ப விஷயம் தெளிவு. சோக் இழுத்தா காத்து குறைஞ்சு பெட்ரோல் கூடும். அதுல சரியாகுதுன்னா உங்க கலவையில பெட்ரோல் பத்தல. பிளக் வெள்ளையா இருக்குறதும் அதையேதான் சொல்லுது. நல்லா எரியுற பிளக் இளம் பழுப்பா இருக்கும்.

அந்தக் கார்பரேட்டர் ஜெட்டெல்லாம் (பெட்ரோல் அளவா வர்ற சின்னத் துளைங்க) தகரக் கூட்டோட சேர்த்து அளவு பார்த்துப் போட்டது. கூட்டை எடுத்தா காத்து வர்ற விதமே மாறிடும். இன்னொண்ணு, பெட்ரோல் தேங்கி நிக்கிற ஃப்ளோட் அறை மூச்சு விடுற துளை பல கார்பரேட்டர்ல மேல் வாய்க்குள்ளேயே இருக்கும். அடாப்டர் அதை மறைச்சாலோ, பக்கவாட்டுல திரும்பி வர்ற காத்து அது மேல அடிச்சாலோ பெட்ரோல் அளவு தாறுமாறாப் போகும்.

தொங்குற குழாயை இன்னைக்கே கவனிங்க. வாடை அதுலேர்ந்துதான். வாடை மட்டுமில்ல, ஃபில்டர் இல்லாத வாய் வழியா தூசி நேரா இன்ஜின் எண்ணெய்க்குள்ள இறங்கும். பேரிங் போனா அந்த இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலையணும்.

பதில் (ஜூரோங் வெஸ்ட்)

அண்ணன் சொன்னதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4கே இன்ஜினில் இன்டேக்கும் (காற்று உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்ட்டும் (புகை வெளியேறும் வழி) ஒரே பக்கம். கோன் ஃபில்டர் சூடான எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதிக்கு மேலேயே உட்கார்ந்து சூட்டைக் குடிக்கிறது. வெளியே 32 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறையும். கோன் எதைக் கொடுத்தாலும் நெரிசலில் அதற்கு மேல் பறிபோகிறது. பழைய கூட்டின் மூக்கு வெளிக்காற்றுப் பக்கம் நீண்டிருப்பது அதற்காகத்தான். சில கூடுகளில் குளிர்காலத்துக்கு எக்ஸாஸ்ட் சூட்டை இழுக்கும் மடல் இருக்கும். உங்களுடையதில் இருந்தால் அது வெயில்காலப் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்காலப் பக்கம் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடும் கார்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

காற்று எவ்வளவு வேண்டும் என்றும் கணக்குப் பார்க்கலாம். 1.29 லிட்டர் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும். நிமிடத்துக்கு 5,500 சுற்றில் முழுக்க மிதித்தாலே நிமிடத்துக்குச் சுமார் 3,500 லிட்டர்தான். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த வட்டக் காகித ஃபில்டருக்கு இது பெரிய வேலையே இல்லை.

பதில் (தெம்பனிஸ், டட்சன் 120ஒய்)

கோனை ஒரேயடியாகக் குறை சொல்ல வேண்டாம். என் காரில் நான்கு வருடமாக இருக்கிறது, திக்கியதே இல்லை. ஆனால் மெயின் ஜெட்டை இரண்டு முறை மாற்றினோம், பிரீதருக்குத் தனி இணைப்பு வைத்தோம், குளிர்காற்றுக்குக் குழாய் இழுத்தோம். இத்தனையும் செய்த பிறகு கிடைத்தது சத்தம்; வேகம் கூடியதாக நான் சொல்ல மாட்டேன். ஜெட் மாற்ற ஆள் இல்லையென்றால் தொடாதீர்கள். உங்கள் கார் 10 வருடத்துக்கு மேற்பட்டது, ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே புகையும் அளக்கிறார்கள். கிளாசிக் திட்டத்தில் கார் அசல் நிலையில் இருப்பதும் முக்கியம். எதை மாற்றினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பதில் (காக்கி புக்கிட்)

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கூட்டைத் திரும்ப மாட்டி உள்ள புதுக் காகித ஃபில்டர் போடுங்க. சகுரா மாதிரி நம்ம பக்கம் கிடைக்கிறதே போதும். வட்டப் பருத்தி ஃபில்டர் கழுவிக் கழுவிப் போடலாம், தப்பில்ல. ஆனா கிளாசிக் வண்டி வருஷத்துல கொஞ்ச நாள்தானே ரோட்டுக்கு வருது? கழுவி மிச்சம் பிடிக்க அதுல என்ன இருக்கு? எண்ணெய் கூடுதலா ஊத்திட்டா அது கார்பரேட்டர் வாய்க்குள்ள இறங்கும். ஃபோம் வேணவே வேணாம். நம்ம வெக்கையில ரெண்டு மூணு வருஷத்துல பொடிப்பொடியா உதிரும், அந்தப் பொடி போற இடம் சிலிண்டர்தான். "டப்"னு திரும்ப வெடிக்கிற வண்டியில தீப்பிடிக்கிற பயமும் இருக்கு.

கடைக்குப் பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வெளி விட்டம், உள் விட்டம், உயரம் மூணையும் ஸ்கேல் வச்சு அளங்க. உயரம்தான் எல்லாரும் விடுறது. ரெண்டு மில்லிமீட்டர் குட்டையா இருந்தாலும் மூடி இறுகாது, தூசி ஃபில்டரைச் சுத்திக்கிட்டு உள்ள போயிடும். போடுறதுக்கு முன்னாடி ரப்பர் விளிம்புல மேலயும் கீழயும் லேசா கிரீஸ் தடவி, மூடியை இறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்க. தகரத்துல கிரீஸ் தடம் முழு வட்டமா விழணும். எங்கயாவது அறுந்திருந்தா அந்த ஃபில்டர் வேணாம்.

வண்டி நிக்கிறதே அதிகம்ங்கிறதால கிலோமீட்டர் பார்க்காம வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. நம்ம ஈரப்பதத்துல காகிதம் நமுத்துப்போகும். கரப்பான் கூடு கட்டியிருக்கான்னும் மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க.

கேட்டவர் (எட்டு நாள் கழித்து)

கூடு மாட்டியாயிற்று. முதலில் வாங்கிய காகித ஃபில்டரில் கிரீஸ் தடம் ஒரு பக்கம் விழவில்லை. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டாவது முழு வட்டம். பிரீதர் குழாய் நுனி வெடித்திருந்தது, புதுக் குழாய் போட்டேன். மடல் குளிர்காலப் பக்கமேதான் இருந்தது, ஜூரோங் நண்பருக்கு நன்றி.

நேற்றிரவு சோக்கைத் தொடாமல் ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போய் வந்தேன். திக்கவில்லை, வாடை இல்லை. ஐடில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நிற்கிறது.

பதில் (காக்கி புக்கிட்)

கோன் போட்டப்ப அணையாம இருக்க ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி வச்சிருப்பாங்க. சூடான இன்ஜின்ல கால் சுத்து கால் சுத்தா இறக்குங்க. 200 கிலோமீட்டர் ஓடினதும் பிளக்கைத் திரும்பக் கழற்றி, என்ன நிறம்னு இங்க போடுங்க.