மின்கம்பி வழியாக இரண்டு தொலைக்காட்சிகளுக்கு இணையம்: பவர்லைன் அடாப்டர் எங்கள் பழைய வீட்டுக்கு ஒத்துவருமா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகர்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் உள்ள பழைய வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்கூடம், நடு அறை, பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும்; மேலே ஒரு மாடி அறையும் உண்டு. ஃபைபர் இணைப்பின் மோடம் முன்கூடத்தில் இருக்கிறது. என் தந்தையார் பின்கட்டில் படுக்கையிலேயே இருப்பதால் தொலைக்காட்சி ஒன்றே அவருக்குத் துணை. இடையில் உள்ள செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள் ஒன்றரை அடி கனம் கொண்டவை என்பதால் வைஃபை அங்கே வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது. செய்திகளின் நடுவில் படம் உறைந்து, வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சுவரில் துளையிட்டால் பூச்சு பாளம் பாளமாக உதிர்வதால் கேபிள் இழுக்கத் தயங்குகிறோம்.

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் பவர்லைன் அடாப்டர் (வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் கருவி) ஒரு ஜோடி வாங்கிவந்து சோதித்தேன். பெட்டியில் நொடிக்கு 600 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கிறது. பின்கட்டில் கிடைத்தது 9 மெகாபிட். மாலை வேளையில் அதுவும் குறைகிறது. பழுது கருவியிலா, எங்கள் வீட்டு வயரிங்கிலா? மாடி அறைத் தொலைக்காட்சிக்கும் இதே முறையில் இணையம் கொடுக்க முடியுமா? விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: ராயபுரம் மின்பணியாளர்

ஐயா, வணக்கம். கருவி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த அடாப்டர்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அதே கம்பியில், ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் முதல் மேலே செல்லும் அலைகளை ஏற்றி அனுப்புகின்றன. பெட்டியில் உள்ள எண், கம்பியில் ஏறும் எல்லாப் போக்குவரத்தையும் சேர்த்து, மிக நல்ல நிலையில் கணக்கிட்டது. 600 என்று விற்கப்படும் பல அடாப்டர்களில் கேபிள் செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. ஆனால் உங்களுக்குத் தேவையானது அவ்வளவும் இல்லை. துல்லியமான எச்டி படத்துக்கு 5 மெகாபிட் சீராக வந்தால் போதும். 4கே படத்துக்கு 15 வேண்டும். ஆகவே 9 மெகாபிட் குறைவு என்பதைவிட, அது சீராக நிற்கவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை.

முதலில் ஒன்று கேட்கிறேன். அடாப்டரைச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் நேரடியாகச் செருகினீர்களா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினீர்களா? ஸ்பைக் தடுப்பு (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) உள்ள பாக்ஸ், இந்த உயர் அதிர்வெண் அலைகளையும் தீங்கென்று எண்ணி விழுங்கிவிடும். அதே பாக்ஸில் கைபேசி சார்ஜரும் இருந்தால் அதன் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். மாலையில் குறைவதற்கு, அந்நேரத்தில் எரியும் மலிவான எல்இடி பல்புகளும் ஓடும் மிக்சியும் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது பேஸ், அதாவது வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் தனித்தனி வரி. உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருந்தால், முன்கூடமும் பின்கட்டும் வெவ்வேறு பேஸில் இருக்கக்கூடும். ஒரு பேஸிலிருந்து மற்றொன்றுக்கு அலை தாவுவது, கம்பிகள் அருகருகே ஓடுவதால் ஓரளவு நடக்கும். ஆனால் பெரிதும் மெலிந்துபோகும். இதைக் கண்டறியக் கருவி வேண்டியதில்லை. தெருவில் ஒரு பேஸ் போகும் நாளில் எந்த அறை இருண்டுபோகிறது, எந்த அறையில் மின்விசிறி சுற்றுகிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஒன்றாக அணையும் அறைகள் ஒரே பேஸில் இருப்பவை. வெவ்வேறாக இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து பின்கட்டின் பிளக் பாயின்ட்டை மோடம் உள்ள பேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக மெயின் பாக்ஸைத் தொடவேண்டாம். இரண்டு பேஸ்களை நேரடியாக இணைத்துவிடலாம் என்று எவராவது யோசனை சொன்னால் அறவே கேளாதீர்கள். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கிறது.

கடற்காற்றில் நம் பகுதிச் சுவிட்ச் போர்டுகளின் உள்ளே பித்தளை பச்சை பூத்துக் கிடப்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அத்தகைய தளர்ந்த இணைப்புகள் அலையைக் குறைப்பதோடு சூடேறித் தீயும் பிடிக்கலாம். ஆகவே போர்டைத் திறக்கும் அன்றே எல்லாத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள்.

மாடிக்கு மூன்றாவது அடாப்டர் ஒன்று சேர்த்தால் போதும். மோடத்தருகே உள்ள ஒன்றே இரண்டுக்கும் பேசும். ஆனால் கம்பி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பதால் கிடைக்கும் வேகத்தை இரு தொலைக்காட்சிகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே பின்கட்டில் 20 மெகாபிட்டாவது உறுதியான பிறகே மூன்றாவதை வாங்குங்கள். புதியதை வாங்கும்போது ஹோம்பிளக் ஏவி 2 வகையா என்று பாருங்கள். இது அடாப்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ஒரு தர முறை; ஜி.எச்.என் என்பது வேறொரு முறை. ஹோம்பிளக் வகைப் பழைய ஜோடியோடு ஜி.எச்.என் வகையைச் சேர்த்தால் ஒன்றோடொன்று பேசாது.

பதில் 2: பெரம்பூர் வாசகி

மேலே சொன்னவற்றோடு இரண்டைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நான்கு போர்ஷன்கள் உள்ளன. இந்த அலை மின்மீட்டரோடு நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது. பக்கத்துப் போர்ஷன் வரை செல்லும். ஹோம்பிளக் ஏவி வகை அடாப்டர்கள் பலவும் கடையிலிருந்து வரும்போது ஒரே பொதுக் கடவுச்சொல்லோடு வருகின்றன. ஆகவே இணைக்கும் பொத்தானை அழுத்தி உங்களுக்கென்று தனிச் சாவியை உருவாக்கிக்கொள்ளுங்கள். தகவல் 128 பிட் மறையாக்கத்தோடுதான் செல்கிறது; ஆனால் தனிச் சாவி இருந்தால்தான் அதைப் பிறர் திறக்க முடியாது.

இரண்டாவது, இன்வெர்ட்டர். ஓர் அடாப்டர் இன்வெர்ட்டர் வரியிலும் மற்றொன்று நேரடி வரியிலும் இருந்தபோது எங்கள் வீட்டில் இணைப்பு தொங்கிக்கொண்டே இருந்தது. இரண்டையும் நேரடி வரிக்கு மாற்றியபின் சீரானது. மேலும், உங்கள் தந்தையார் சிற்றலை வானொலி கேட்பவராக இருந்தால் அதில் இரைச்சல் கூடும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. மின்பணியாளர் ஐயா கேட்டதுதான் நடந்திருக்கிறது: மோடம், அதன் அடாப்டர், மகளின் கைபேசி சார்ஜர் மூன்றும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் இருந்தன. அடாப்டரைச் சுவருக்கு மாற்றியவுடன் பின்கட்டில் 31 மெகாபிட் வந்தது. நேற்று மாலை 7 மணிச் செய்தியைத் தந்தையார் இடையில் நிற்காமல் முழுவதும் பார்த்தார். சமையலறையில் மிக்சி ஓடியபோது வேகம் 22க்கு இறங்கியதே தவிர படம் உறையவில்லை.

மாடி அறை வேறு பேஸில் இருப்பதை என் துணைவியார் உடனே சொல்லிவிட்டார். சென்ற கோடையில் ஒரு பேஸ் போன இரவு, நாங்கள் எல்லோரும் அங்கேதான் சென்று படுத்தோமாம். அங்கே அடாப்டரை மாற்றிச் செருகிப் பார்த்ததில் 6 மெகாபிட்டைத் தாண்டவில்லை. முன்கூடத்து ஜன்னல் வழியாகவே வெளிப்புறச் சுவரோடு ஒரு கேட் 6 வகை இணையக் கேபிளை மாடிக்கு ஏற்றிவிடத் தீர்மானித்திருக்கிறேன். அதற்கு எந்தச் சுவரையும் துளைக்க வேண்டியதில்லை. வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும் வெளிப்புற உறை உள்ள கேபிளா, பிவிசி குழாய்க்குள் சாதாரணக் கேபிளா, எதை இழுப்பது என்று மட்டும் ராயபுரம் ஐயா கூறினால் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கிவிடுவேன்.

பதில் 3: ராயபுரம் மின்பணியாளர்

வெளிப்புற உறை உள்ள கேபிளையே, முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்கி, பிவிசி குழாய்க்குள்ளும் விடுங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவாகக் கிடைக்கும். நம் காற்றுக்கு அது முனைகளில் விரைவில் அரித்துப்போகும். மின்சார வயர் ஓடும் குழாய்க்குள் மட்டும் இணையக் கேபிளை நுழைக்காதீர்கள். ஜன்னலில் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றே கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் உள்ளே வழியாது.